வலிக்காத ஹீல்ஸ்

போன மாதம் சென்னையில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் போட்டோ எடுத்து முடித்ததும் என் தம்பி மகள் நேராக மண்டபத்தின் பின்பக்கம் வந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக ஜரிகை வைத்துத் தைத்த கைப்பையைத் திறந்து, பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருந்த ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாலு அங்குல ஹீல்ஸ் அந்தக் கவருக்குள் போயிற்று. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "பெரியப்பா, நீங்க முப்பது வருஷம் ஷூ டிசைன் பண்ணீங்களே, வலிக்காத ஹீல்ஸ் ஒண்ணுகூடப் பண்ண முடியலையா?"

பந்திக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அப்போது தப்பித்துக்கொண்டேன். பதில் கொஞ்சம் நீளமானது. இங்கே எழுதிவிடுகிறேன்.

என் வேலையைப் பற்றி இரண்டு வரி. 1981 முதல் ஆம்பூர் பக்கத்தில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் சாம்பிள் ரூம்களில் இருந்தேன். டிசைனர் என்பது விசிட்டிங் கார்டில் போட்டிருந்த பெயர். ஐரோப்பாவிலிருந்து பையர் படம் அனுப்புவார். அதைத் தோலில் வெட்டிக் காட்டுவது நான். ஆரம்ப வருஷங்களில் ஷூவின் மேல்பாகமான அப்பரை மட்டும் தைத்து அனுப்பினோம். முழு ஷூவும், அதில் பெண்களுக்கான ஹீல்ஸும் பிறகுதான் வந்தன.

ஹீல்ஸ் என்றாலே பெண்கள் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். அது தொடங்கியது குதிரை மேல் உட்கார்ந்த ஆண்களிடம். பாரசீகத்துக் குதிரை வீரன் அங்கவடியில் எழுந்து நின்று அம்பு விட வேண்டும். அப்போது கால் வழுக்கி முன்னே போய்விடாமல் இருக்க, குதிகாலின் கீழே ஒரு கட்டை. அந்தக் கட்டை அங்கவடியில் மாட்டிக்கொள்ளும். நடப்பதற்காகச் செய்த பொருளே அல்ல அது. 1599இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசுகளுக்குத் தூதுக்குழு அனுப்பினார். ஏறக்குறைய அந்தக் காலத்தில் பாரசீகப் பாணி உடைமேல் ஐரோப்பியப் பிரபுக்களுக்கு மோகம் பிறந்தது. குதிகால் கட்டையும் அதோடு போய்ச் சேர்ந்தது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பதினான்காம் லூயியின் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது, 1701இல் ரிகோ வரைந்தது. மன்னர் வெள்ளை ஷூ போட்டிருப்பார், குதிகால் மட்டும் சிவப்பு. வயல் சேற்றிலோ தெருக் கல்லிலோ நடக்க வேண்டாதவன் நான் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

பெண்கள் அதை ஆண்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு பாதியைத் தொடும்போது ஆண்கள் இறங்கிக்கொண்டார்கள், பெண்கள் மேலேயே நின்றார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது அவர்களும் கொஞ்ச காலம் தரைக்கு வந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் மறுபடி ஏற்றம்.

என் தொழிலில் இருப்பவனுக்கு மட்டும் உறுத்துகிற ஒரு விஷயம் இதில் உண்டு. ஷூவை லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சுக்கட்டையின் மேல் இழுத்துத்தான் செய்கிறோம். ஐரோப்பாவில் ஹீல் வந்த பிறகு, இடதுக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாக, ஒவ்வொரு உயரத்துக்கும் தனித்தனியாக அச்சுக்கட்டை செதுக்குவது கட்டுபடியாகாமல் போனது. அதனால் இடது வலது பேதமே இல்லாமல் இரண்டு காலுக்கும் ஒரே வடிவத்தில் ஷூ செய்ய ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய இருநூறு வருஷம் இப்படியே ஓடியது. அழகுக்காக உயரம் கூட்டியபோது, அதன் செலவைக் கால் தலையில் கட்டினார்கள். இந்தப் பழக்கம் அந்தக் காலத்தோடு போய்விடவில்லை. பின்னால் வருகிறேன்.

கால் ஏன் வலிக்கிறது என்ற கேள்வியையே தொழிலின் முதல் கேள்வியாக வைத்துக்கொண்ட ஒருவர் இருந்தார். சால்வதோரே ஃபெர்ரகாமோ. இன்று அது விமான நிலையங்களில் தொங்கும் விலை உயர்ந்த கைப்பையின் பெயர். மனிதர் இத்தாலியின் தெற்கே, நேப்பிள்ஸிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் போனித்தோ என்ற ஏழைக் கிராமத்தில் 1898இல் பிறந்தவர். பதினான்கு பிள்ளைகளில் பதினொன்றாவது. செருப்புத் தைக்கப் போகிறேன் என்றபோது அப்பா சம்மதிக்கவில்லை, அது கேவலமான தொழில் என்று. நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சகோதரிகளுக்குத் தேவாலயச் சடங்குக்கு வெள்ளை ஷூ வாங்க வீட்டில் பணமில்லை; ஒன்பது வயதில் ஒரே இரவில் தானே தைத்துக் கொடுத்ததாக அவர் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பதின்ம வயதிலேயே அண்ணன்மார் இருந்த அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாஸ்டனில் ஒரு பெரிய ஷூ தொழிற்சாலையைப் பார்த்தார். இயந்திரத்தில் வந்து விழும் ஷூ அவருக்குப் பிடிக்கவில்லை. கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவுக்குப் போய் சினிமாக் கம்பெனிக்கு கௌபாய் பூட்ஸ் தைத்துக் கொடுத்தார். பாரசீக வீரனின் அதே குதிகால், உலகத்தின் மறுகோடியில். பிறகு ஹாலிவுட்டில் கடை போட்டார். நடிகைகள் வரிசையில் நின்றார்கள்.

வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. அவருக்குத்தான் திருப்தி இல்லை. தான் தைத்த ஷூ பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் போட்டவர்களின் கால் ஏன் கெட்டுப்போகிறது? கட்டைவிரல் மடங்குகிறது, ஆணி வருகிறது, பெருவிரல் மூட்டு புடைக்கிறது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குப் போய் மனித உடற்கூறு படித்தார். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். செருப்புத் தைக்கிறவனுக்கு எதற்கு எலும்புக் கணக்கு என்று அன்றைக்கு யாரும் சிரித்திருக்கலாம்.

கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும் உடம்பின் எடை நேராகக் கீழே இறங்கினால் எங்கே விழும்? குதிகாலிலும் அல்ல, விரல்களிலும் அல்ல, நடுவில் இருக்கும் வளைவில் விழுகிறது என்று அவர் கண்டார். அந்த இடத்துக்குத்தான் அன்றைய ஷூக்களில் எந்தத் தாங்கலும் இல்லை. ஹீல்ஸ் ஒன்றைப் பக்கவாட்டில் பாருங்கள். குதிகால் கட்டைக்கும் முன்பாதத்துக்கும் நடுவே ஷூ அந்தரத்தில் பாலம் போல நிற்கும். பாலம் தொய்ந்தால் பாதம் தொய்யும். பாதம் முன்னால் சரிந்து விரல்கள் போய் இடிக்கும். ஃபெர்ரகாமோ அந்தப் பாலத்துக்குள் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை வைத்தார். தொழிலில் ஷாங்க் என்கிறோம். நான் சாம்பிள் ரூமில் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்த பரிசோதனையே அதுதான்: ஷாங்கை இரண்டு கையாலும் பிடித்து வளை, விட்டால் பழையபடி நிமிர வேண்டும். நிமிராவிட்டால் அந்தப் பெட்டியையே திருப்பி அனுப்பு.

1927இல் அவர் இத்தாலிக்குத் திரும்பி ஃபிளாரன்ஸ் நகரில் பட்டறை வைத்தார். அமெரிக்காவில் பொருளாதார மந்தம் வந்து ஆர்டர்கள் நின்றன, 1933இல் திவால். மெல்ல எழுந்து வரும்போது அடுத்த அடி. 1935இல் முசோலினி எத்தியோப்பியாமேல் படையெடுத்தார், சர்வதேச சங்கம் இத்தாலிமேல் பொருளாதாரத் தடை போட்டது. நல்ல எஃகு கிடைக்கவில்லை. கிடைத்த மட்ட ரகத் தகடு ஷூவுக்குள் மளுக்கென்று உடைந்தது. வாடிக்கையாளர்கள் ஷூவைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்போது அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாலம் கட்ட இரும்பில்லை என்றால் பாலமே வேண்டாம், பள்ளத்தை நிரப்பிவிடலாம். சார்தீனியாத் தீவிலிருந்து கார்க் துண்டுகளைக் கொண்டுவந்து, செதுக்கி, ஒட்டி, குதிகாலிலிருந்து முன்பாதம் வரை இடைவெளியில்லாமல் அடைத்தார். இன்று நாம் வெட்ஜ் என்று சொல்லும் செருப்பு இது. முதலில் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். போட்டு நடந்தவர்கள் கழற்றவில்லை. உயரமும் இருந்தது, பாதத்துக்கு முழு நீளமும் தாங்கலும் இருந்தது, கார்க் ஆனதால் கனமும் இல்லை. யுத்த காலத்தில் தோலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது உலகம் முழுவதும் பெண்கள் வெட்ஜில்தான் நடந்தார்கள். தோல் கிடைக்காத நாட்களில் அவர் ராஃபியா நார், மீன்தோல், மிட்டாய் சுற்றும் செலோஃபேன் காகிதம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அப்பராக்கினார். 1947இல் நைலான் இழையை மேலே ஓட்டி, காலில் செருப்பு இருப்பதே தெரியாத ஒரு சாண்டல் செய்து அமெரிக்காவில் நீமன் மார்க்கஸ் விருது வாங்கினார். அதே வருஷம் அதே விருது வாங்கியவர்களில் ஒருவர் கிறிஸ்தியன் தியோர்.

மனிதரிடம் கொஞ்சம் விளையாட்டுத்தனமும் உண்டு. பெண்களைக் கால் அளவு வைத்து மூன்று சாதியாகப் பிரிப்பார்: அமெரிக்க அளவு ஆறுக்குக் கீழே சிண்ட்ரெல்லா, ஆறு என்றால் வீனஸ், ஏழும் மேலும் பிரபு குலம். பெரிய கால்காரிகளுக்கு ஐஸ் வைத்த மாதிரியும் ஆயிற்று. நல்ல வியாபாரி.

ஆனால் அவரைப் புனிதராக்கிவிட வேண்டாம். ஆட்ரி ஹெப்பர்னுக்குத் தரையோடு தரையான பாலே ஷூ செய்தவர்தான் மர்லின் மன்றோவுக்கு 11 சென்டிமீட்டர் ஊசி ஹீல்ஸும் செய்தார். ஷாங்க் வளைவைத் தாங்கும், அவ்வளவுதான். உயரம் ஏற ஏற எடை முன்பாதத்துக்குப் போவதை எந்த எஃகாலும் தடுக்க முடியாது. என் அனுபவத்தில் ஐந்து சென்டிமீட்டர் வரை நல்ல லாஸ்டும் நல்ல ஷாங்கும் இருந்தால் ஒரு நாள் முழுக்க ஓட்டலாம். அதற்கு மேல் டிசைனர் செய்வதெல்லாம் வலி வரும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதுதான். தம்பி மகளின் நாலு அங்குலம் பத்து சென்டிமீட்டர். அவள் கைப்பையில் ரப்பர் செருப்பு இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

1950களில் வந்த ஊசி ஹீல்ஸுக்கு இத்தாலியக் குத்துவாள் ஒன்றின் பெயரைத்தான் வைத்தார்கள், ஸ்டிலெட்டோ. மரத்தில் அவ்வளவு மெலிசாகச் செய்தால் ஒடிந்துவிடும். பிளாஸ்டிக்குக்குள் உலோகத் தண்டு வைத்த பிறகுதான் சாத்தியமாயிற்று. தியோருக்காக ரோஜே விவியே செய்தவை அந்தக் காலத்தில் பெரும் புகழ் பெற்றன. முனையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்தான். 55 கிலோ பெண்மணி நடக்கும்போது ஒரு கணம் அந்த 55 கிலோவும் அதன் மேல் நிற்கும். நாலு டன் யானையின் எடை நாலு அகன்ற பாதங்களில் பரவுவதால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவில்தான் வரும். மரத்தளங்களிலும் லினோலியத்திலும் பள்ளம் விழுந்தது. ஊசி ஹீல்ஸுடன் உள்ளே வராதீர்கள் என்று கட்டடங்களில் பலகை மாட்டினார்கள். தரைக்கு வலிக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது பாருங்கள். அதே விசை மேல்பக்கம் யார் காலில் ஏறுகிறது என்று பலகை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. லண்டனில் வரவேற்பாளர் வேலைக்கு வந்த ஒரு பெண்ணை, ஹீல்ஸ் போடவில்லை என்று முதல் நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். அது நடந்தது 2015இல். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு, 2017இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் வரை போனது. சட்டம் மாறவில்லை.

இதையெல்லாம் ஒரு நியாயவான் போல எழுதுகிறேன். நானும் அந்தப் பலகை எழுதியவர்கள் கூட்டம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சீசன். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். 70 மில்லிமீட்டர் ஹீலில் ஒப்புதல் ஆன ஷூவை 80 ஆக்கச் சொன்னார் பையர். ஹீல் உயரம் மாறினால் லாஸ்டும் மாற வேண்டும். அடிப்பக்கத்து வளைவே வேறு. புது லாஸ்ட் எல்லா அளவுக்கும் செய்ய மூன்று வாரம், பெரிய செலவு. பழைய லாஸ்டிலேயே ஹீலை மட்டும் மாற்றிச் சமாளிக்க முடியுமா என்று மேலே கேட்டார்கள். முடியும் என்றேன். ஷாங்கைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தேன்.

சாம்பிள் அளவு 37. பேக்கிங் பிரிவில் ஒரு பெண்ணுக்கு அச்சு அசலாக 37 கால். ஃபிட்டிங் பார்க்க எப்போதும் அவரைத்தான் கூப்பிடுவோம். ஷூவை மாட்டிக்கொண்டு சாம்பிள் ரூமின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல சார். நல்லா இருக்கு."

தாளில் டிக் போட்டேன். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ்ஸுக்குப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு, பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்தார். கால்ல என்னம்மா என்றேன்.

"காலையில போட்டதுதான் சார்."

"அப்ப ஏன் நல்லா இருக்குன்னு சொன்னே?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஹாரன் அடித்த பிறகு சொன்னார். "வலிக்குதுன்னா அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடுவீங்க சார். உங்க ரூமுல நாற்காலி போட்டு உக்கார வைப்பீங்க. பேக்கிங்ல நாள் பூரா நின்னுட்டேதான்."

என் பதினைந்து வருஷத்து டிக் எல்லாம் அந்த நாற்காலி போட்டது. ஃபெர்ரகாமோவின் சுயசரிதையை நான் படித்தது இதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஒரு பையிங் ஏஜென்ட் பழைய பிரதி ஒன்று கொடுத்தார். வாடிக்கையாளரின் பாதத்தைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்ப்பதை அவர் எழுதும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், அன்றைக்கு மேலே படிக்கவில்லை.

அந்த ஷூ ஏழாயிரம் ஜோடி கப்பலேறிப் போனது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அடுத்த சீசன் ஃபிட்டிங்குக்கும் அவரையே கூப்பிட்டேன். முதலில் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். நடந்து வந்தார். இந்த முறை வலிக்குதா என்று கேட்கவில்லை, எங்கே வலிக்குது என்று கேட்டேன். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து, இடது கால் சுண்டுவிரலுக்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்தார். ஷூவின் மேலேயே அந்த இடத்தை வெள்ளிப் பேனாவால் குறித்துக்கொண்டேன். லாஸ்ட் செய்பவருக்கு அங்கே இரண்டு மில்லிமீட்டர் கூட்டச் சொல்லி அன்றைக்கே எழுதினேன்.